ஊக்கத்தொகை நிரப்பாத விடுதிகள்

வட மாகாண வைத்தியசாலைகளில் தாதியர் போதவில்லை என்ற பேச்சு எழும்போதெல்லாம், பயிற்சி பெற்றுச் சில ஆண்டுகள் கடமையாற்றியபின் சேவையை விட்டு விலகி வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு தொகையைக் கொடுத்தால் அவர்கள் திரும்பி வந்துவிடுவார்கள் என்ற யோசனை தவறாமல் முன்வைக்கப்படுகிறது. நிர்வாகத்தில் இருப்போர் இதனைச் சிக்கனமான வழி என்கின்றனர்; ஊர்ச் சங்கங்களில் ஆர்வமுள்ளோர், புலம்பெயர்ந்த உறவுகளிடம் இதற்கென நிதி திரட்டலாம் என்கின்றனர். இதன் பின்னாலுள்ள கணக்கு எளிதில் விளங்கக்கூடியது. புதிதாக ஒரு தாதியை உருவாக்கத் தாதியர் பயிற்சிக் கல்லூரியில் மூன்று ஆண்டுகள் வேண்டும். ஏற்கெனவே பயின்றவரோ நாளத்தில் ஊசி ஏற்றவும், ஆறாத புண்ணுக்கு மருந்து கட்டவும், நோயாளியின் மூச்சு மாறுவதைக் கண்டவுடன் வைத்தியரை அழைக்கவும் தெரிந்தவர். ஆகவே அவரை மீள அழைப்பதே மலிவு. இந்தக் கணக்கில் கூட்டற் பிழை எதுவும் இல்லை. பிழை அதன் தொடக்கத்திலேயே இருக்கிறது: விலகியவர் பணம் போதாமையால்தான் விலகினார், ஆகவே பணம் வந்தால் திரும்புவார் என்பதை அது விசாரிக்காமலே உண்மையென எடுத்துக்கொள்கிறது.

இங்கு மறுக்கப்படுவது எது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். மீள்வருகை ஊக்கத்தொகை என்பது, சேவையை விட்டுச் சென்ற ஒருவர் குறித்த காலம் பணியாற்றுவதாக ஒப்புக்கொண்டு திரும்பும்போது ஒரே தடவையில் அல்லது இரண்டு மூன்று தவணைகளில் அவருக்கு வழங்கப்படும் தொகை. அது மாதச் சம்பளத்தின் பகுதியாகாது. ஓய்வூதியக் கணக்கிலும் சேராது. சேவையில் இருக்கும் எல்லாத் தாதியருக்கும் நியாயமான சம்பளம் வேண்டும் என்ற கோரிக்கை முற்றிலும் வேறானது. அந்தக் கோரிக்கையை இக்கட்டுரை முழுமையாக ஏற்கிறது. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதாலேயே ஊக்கத்தொகை என்ற யோசனைக்கு அதற்குத் தகாத மதிப்புக் கிடைத்துவருகிறது.

எடுத்துக்காட்டாக ஓர் ஊரைப் பார்ப்போம். வடமராட்சியில் வல்வெட்டித்துறைக்கும் நெல்லியடிக்கும் இடையே அமைந்த உடுப்பிட்டி, 1852இல் தொடங்கிய அமெரிக்க மிஷன் கல்லூரியையும் பெண்களுக்கான பழைய கல்லூரியையும் கொண்ட ஊர். அரச உத்தியோகத்தையும் ஓய்வூதியத்தையும் பெருமையாகக் கருதிய குடும்பங்களின் ஊர். இவ்வூரில் வசிக்கும் ஒரு தாதி, மந்திகையிலுள்ள பருத்தித்துறை ஆதார வைத்தியசாலையிலோ, ஏறத்தாழ 25 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலோ கடமையில் இருந்தால் அவருடைய நாள் எப்படி அமையும் என்பதைக் கவனித்தாலே, தாதியர் ஏன் விலகுகிறார்கள் என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். இலங்கையின் அரச வைத்தியசாலைகளில் கடமை நேரம் பொதுவாகக் காலை 7 முதல் பிற்பகல் 1 மணி வரை, பிற்பகல் 1 முதல் இரவு 7 மணி வரை, இரவு 7 முதல் மறுநாள் காலை 7 மணி வரை என மூன்றாகப் பிரிகிறது. காலைக் கடமைக்குச் செல்பவர் பிள்ளைகள் எழும்புமுன் அடுப்பை மூட்டிச் சமைத்து வைத்துவிட்டு, விடிந்தும் விடியாத நேரத்தில் பேருந்துக்கு நிற்க வேண்டும். மாலைக் கடமை முடிப்பவரோ, அடுத்தவர் வந்து விடுதியைப் பொறுப்பேற்று, மருந்துப் பதிவேட்டையும் நோயாளரின் நிலையையும் ஒவ்வொரு கட்டிலாகச் சொல்லி ஒப்படைத்தபிறகே வெளியேற முடியும். அப்போது ஏழரை மணியாகிவிடும், வடமராட்சிக்குப் போகும் பேருந்துகளும் அருகிவிடும். கணவனோ தம்பியோ மோட்டார் சைக்கிளோடு வைத்தியசாலை வாசலில் காத்திருக்க முடிந்த வீடுகளில் இது சமாளிக்கத்தக்க சிரமம். அப்படி ஒருவர் இல்லாத வீட்டில் இதுவே சேவையை விடுவதற்கான முதற் காரணமாகிவிடுகிறது.

ஆள் இல்லாத வீடுகள் இந்த ஊர்களில் ஏன் இத்தனை என்பதற்குக் கடந்த நாற்பது ஆண்டுகளின் வரலாறே காரணம். 1983க்குப் பின் கனடாவுக்கும் பிரித்தானியாவுக்கும் பிரான்சுக்கும் சுவிற்சர்லாந்துக்கும் சென்றவர்களின் வீடுகளில் தாயும் தகப்பனும் எஞ்சினர். எல்லாப் பிள்ளைகளும் புறப்பட்டபோது அரச உத்தியோகம் இருந்த காரணத்தால் ஊரில் நின்ற மகளே பெற்றோருக்கும், பல வேளைகளில் மாமன் மாமிக்கும், ஒரே பொறுப்பாளரானார். அவர் தாதியாகவும் இருந்துவிட்டால் நீரிழிவுப் புண்ணைக் கழுவுவதும், பாரிசவாதத்தில் படுத்தவரைப் புரட்டிப் படுக்க வைப்பதும் அவருக்கே உரியன என்று குடும்பம் தீர்மானித்துவிடுகிறது. முன்பு பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட அம்மம்மா இப்போது பார்க்கப்பட வேண்டியவராகிவிட்டார். விடுதியில் ஆறு மணி நேரமும் வீட்டில் மிகுதி நேரமும் ஒரே வேலையைச் செய்யும் பெண் ஒருநாள் இரண்டில் ஒன்றை விடுகிறார். வீட்டை விட முடியாது. ஆகவே விடுதியை விடுகிறார். அவரிடம் ஒரு காசோலையை நீட்டித் திரும்பி வாருங்கள் என்று கேட்பவர், படுக்கையில் இருக்கும் அந்தத் தாயை அன்று பின்னேரம் யார் பார்ப்பது என்ற கேள்விக்கு எந்த விடையும் வைத்திருப்பதில்லை.

விலகியவரை வீட்டிலிருந்து அழைக்க எண்ணும் அரசு, சேவையில் இருந்தவரை வெளியே அனுப்பிய வேகத்தையும் நினைவில் கொள்ள வேண்டும். 2022 ஜூனில் வெளிவந்த பொது நிருவாகச் சுற்றறிக்கை 14/2022, சேவை மூப்பும் ஓய்வூதிய உரிமையும் பாதிக்கப்படாமல் ஐந்து ஆண்டுகள் வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு செல்ல அரச ஊழியருக்கு வழி திறந்தது; அந்நியச் செலாவணி வற்றிய அந்த ஆண்டில் அதன் நோக்கம் வெளிப்படையானதே. அதே ஆண்டில், சில மாதங்கள் முன்புதான் 65 ஆக உயர்த்தப்பட்டிருந்த அரச சேவையின் கட்டாய ஓய்வு வயது 60 ஆகக் குறைக்கப்பட்டு, ஆண்டு முடிவில் நாடெங்கும் அனுபவமுள்ள ஊழியர் ஆயிரக்கணக்கில் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். பாக்கு நீரிணைக்கு அப்பாலும் நிலைமை வேறாக இருக்கவில்லை: கொரோனாப் பெருந்தொற்றின்போது தமிழ்நாட்டில் ஒப்பந்த அடிப்படையில் சேர்க்கப்பட்டு, தொற்று விடுதிகளில் உயிரைப் பணயம் வைத்து உழைத்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தாதியரின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் இறுதியோடு நீடிக்கப்படாமல் விடப்பட்டது, அவர்கள் வீதியில் அமர்ந்து போராட வேண்டியதாயிற்று. பயின்ற கைகள் கிடைப்பதே அரிது என்று ஒருபுறம் கூறிக்கொண்டு மறுபுறம் அவற்றை இவ்வாறு கைநழுவவிடும் அரசுகளுக்கு, மீள அழைக்கும் தொகையைப் பற்றிப் பேசும் தகுதி குறைவு.

பணம் கொடுத்து அழைத்துப் பார்த்த நாடுகளின் அனுபவம் ஊக்கத்தொகைக் கட்சியினருக்கு உதவுவதாக இல்லை. 2015 ஜூலையில் அயர்லாந்தின் சுகாதாரச் சேவை நிர்வாகம், பிரித்தானியாவுக்குச் சென்றுவிட்ட தன் தாதியரை ஊருக்கு அழைத்துவரும் ஓர் இயக்கத்தைத் தொடங்கி, திரும்புவோருக்கு வரியற்ற 1,500 யூரோவும் பயணச் செலவும் பதிவுக் கட்டணமும் தருவதாக அறிவித்தது. 500 பேரை இலக்காகக் கொண்ட அந்த இயக்கத்தில் அதன் ஒரு சிறு பகுதியினரே திரும்பினர். தொகை சிறிதாக இருந்ததால்தான் அது தோற்றது என்று சொல்லக்கூடும். அப்படியானால் ஈழத்தமிழர் பலர் வாழும் மொன்றியல் நகரைக் கொண்ட, கனடாவின் கியூபெக் மாகாணத்தைப் பார்க்கலாம். 2021 செப்டெம்பரில் அதன் முதல்வர் பிரான்சுவா லெகோ, முழுநேரம் பணியாற்றும் தாதிக்கு 15,000 டொலரும், விலகிச் சென்று திரும்புபவருக்கு 12,000 டொலரும் தருவதாகவும், இதன்வழி 4,300 பேரைப் பெறுவதே இலக்கு என்றும் அறிவித்தார். இது எவரும் அற்பமெனத் தள்ளக்கூடிய தொகையன்று. ஆயினும் அம்மாகாணத்துத் தாதியர் பல்லாண்டுகளாக முறையிட்டுவந்தது கட்டாய மேலதிக நேரம் குறித்தே. அதாவது, தன் எட்டு மணி நேரக் கடமையை முடித்து வீட்டுக்குப் புறப்படும் தாதியை, அடுத்தவர் வரவில்லை என்று நிறுத்திவைத்து இன்னோர் எட்டு மணி நேரம் வேலை வாங்கும் வழக்கம் குறித்தே. அந்த வழக்கம் நின்றபாடில்லை. கடமை நேரத்தைத் தாமே தெரிவு செய்ய விரும்பிய தாதியர் தனியார் ஆள்வழங்கு முகவரகங்களுக்குப் போய்க்கொண்டே இருந்தனர். ஈற்றில் 2023 ஏப்ரலில் அந்த முகவரகங்களைப் படிப்படியாக விலக்கும் சட்டத்தையே கியூபெக் சட்டமன்றம் நிறைவேற்ற வேண்டி வந்தது. பணத்தைவிடத் தன் மாலைப் பொழுது தனக்கே உரியதாக இருப்பதைப் பெரிதெனக் கருதும் ஒருவரைப் பணத்தால் வாங்க முயன்றதன் விளைவு அது.

பொருளியல் ஆய்வும் இதையே சொல்கிறது. தாதியரின் உழைப்பு வழங்கல் என்பது, சம்பளம் ஒரு பங்கு உயர்ந்தால் பணிக்கு வரத் தயாராக இருக்கும் தாதியரும் அவர்கள் உழைக்க விரும்பும் நேரமும் எவ்வளவு கூடும் என்பதன் அளவு. இதுபற்றிப் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2004இல் மைக்கேல் ஷீல்ட்ஸ் எழுதிய கட்டுரை, சம்பள மாற்றத்துக்குத் தாதியர் காட்டும் இசைவு சிறிதே என்றும், வீட்டிலுள்ள சிறு பிள்ளைகள் போன்ற காரணங்களின் செல்வாக்குப் பெரிது என்றும் காட்டியது. எது அவர்களைக் களைக்கச் செய்கிறது என்பதற்கு லிண்டா எய்க்கனும் அவருடைய குழுவினரும் பென்சில்வேனியாவின் 168 வைத்தியசாலைகளில் செய்து 2002இல் வெளியிட்ட ஆய்வு விடை தருகிறது: ஒரு தாதியின் பொறுப்பில் மேலும் ஒரு நோயாளி சேரும் ஒவ்வொரு தடவையும், அறுவைச் சிகிச்சை பெற்றவர் 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 வீதமும், அந்தத் தாதி உள்ளம் சோர்ந்துபோகும் வாய்ப்பு 23 வீதமும் கூடுகின்றன. இவை அமெரிக்க வைத்தியசாலைகளின் எண்கள் என்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை. கட்டில்கள் நிரம்பி, நிலத்தில் பாய் விரித்து நோயாளரைப் படுக்க வைக்கும் ஒரு மருத்துவ விடுதியில் இரவு முழுவதும் இரண்டு பேராய் நின்றவருக்கு இந்த எண்களின் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை.

இதற்கு எதிர்ப்புறத்தில் அவுஸ்திரேலியாவின் விக்ரோறியா மாநிலம் நிற்கிறது. அங்குள்ள தாதியர் சங்கத்தின் போராட்டத்தைத் தொடர்ந்து 2000ஆம் ஆண்டில், பெரிய பொது வைத்தியசாலைகளின் மருத்துவ, அறுவை விடுதிகளில் 20 நோயாளருக்கு 5 தாதியர் என்ற விகிதம் வேலை உடன்படிக்கையின் பகுதியாகக் கட்டாயமாக்கப்பட்டது. 2015இல் அது சட்டமாகவே ஆனது. கூடவே, விலகியிருந்தோர் தம் அறிவைப் புதுப்பித்துக்கொள்ளும் பயிற்சிக்கும் அரசு பணம் ஒதுக்கியது. அதன்பின் ஆயிரக்கணக்கான தாதியர் பொதுச் சேவைக்குத் திரும்பினர். அங்கும் பணம் செலவானது என்பது உண்மையே. ஆனால் அப்பணம் கட்டிலுக்கருகில் நிற்கும் ஆட்களின் எண்ணிக்கையை உயர்த்தச் செலவானது. திரும்ப நினைத்தவர் எத்தகைய விடுதிக்குத் திரும்புகிறோம் என்பதை முன்கூட்டியே அறிந்திருந்தார்.

இங்கு ஒரு வலுவான எதிர்வாதம் உண்டு. இலங்கையில் தாதியரின் அடிப்படைச் சம்பளம் மிகக் குறைவு. 2022இல் ரூபாயின் பெறுமதி சரிந்தபோது அது மேலும் தேய்ந்தது. வறுமையின் விளிம்பில் நிற்பவர்களிடம் பணம் முக்கியமன்று என்று போதிப்பது வயிறு நிறைந்தவரின் பேச்சு என்பதே அந்த வாதம். அதன் முற்பகுதியை எவரும் மறுக்க முடியாது. 2024 ஜனவரியில் வைத்தியருக்கான ஒரு கொடுப்பனவு 35,000 ரூபாயிலிருந்து 70,000 ஆக உயர்த்தப்பட்டபோது, ஏனைய சுகாதாரத் தொழிற்சங்கங்கள் தமக்கும் 35,000 ரூபாய் கோரி நாடளாவிய வேலைநிறுத்தத்தில் இறங்கின. 2025இன் தொடக்கத்தில், புதிய வரவு செலவுத் திட்டம் மேலதிக நேரக் கொடுப்பனவையும் விடுமுறை நாட் கொடுப்பனவையும் கணக்கிடும் முறையைக் குறைத்ததற்கு எதிராகத் தாதியர் மீண்டும் போராடினர். இந்தப் போராட்டங்களை ஊன்றிப் பார்த்தால் அவற்றின் கோரிக்கை தெளிவாகும்: சேவையில் நிற்பவர் மாதந்தோறும் பெறுவது நிலையானதாகவும் சமத்துவமானதாகவும் இருக்க வேண்டும். எந்தச் சங்கமும் விலகியவருக்கு ஒரு தொகை கொடுங்கள் என்று கேட்கவில்லை. பற்றாக்குறையை ஈடுசெய்ய இருப்பவரையே மேலதிக நேரம் நிற்கவைத்து, அவருடைய வீட்டுச் செலவை அந்த மேலதிக நேரக் காசில் தங்கியிருக்கச் செய்து, பிறகு அந்தக் காசையும் குறைக்கும் ஓர் அமைப்பு, திரும்பி வருபவரையும் சில மாதங்களில் அதே நிலைக்குக் கொண்டுவந்துவிடும். உடன்பட்ட காலம் முடிந்த மறுநாள் அவர் மறுபடியும் விலகுவார். இம்முறை திரும்பாத தீர்மானத்துடன் விலகுவார்.

இவற்றையெல்லாம் விடக் கசப்பானது நின்றவர்களுக்கு இழைக்கப்படும் அநீதி. யாழ்ப்பாணக் குடாநாட்டில் தாதியர் சேவையில் நின்றார்கள் என்பது சாதாரண வாக்கியமன்று. 1987 ஒக்ரோபர் 21ஆம் திகதி, தீபாவளி நாளில், இந்தியப் படையினர் யாழ்ப்பாணம் வைத்தியசாலைக்குள் புகுந்து சுட்டபோது வைத்தியர்களோடும் நோயாளர்களோடும் தாதியரும் கொல்லப்பட்டனர்; தப்பியவர்கள் அதே விடுதிகளுக்கு மீண்டும் கடமைக்கு வந்தனர். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமமே பெயர்ந்து தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் வந்தபோது மந்திகையின் சுமை எத்தகையது என்பதை அன்று அங்கு நின்றவர்கள் அறிவர். மருந்துக்கும் மின்சாரத்துக்கும் தடையிருந்த ஆண்டுகளில் அவர்கள் நின்றனர். 2022இல் எரிபொருள் வரிசைகளில் காத்திருந்தும், சைக்கிள் மிதித்தும் கடமைக்கு வந்தனர். அவர்களில் எவருக்கும் நின்றமைக்கென ஒரு தொகை வழங்கப்படவில்லை. விலகிச் சென்றவர் மீது குற்றம் சுமத்துவது இங்கு நோக்கமன்று. அவருடைய காரணங்கள் எத்தகையவை என்பது மேலே சொல்லப்பட்டது. ஆயினும் இருபது ஆண்டுகள் நின்ற ஒருவர், நேற்றுத் திரும்பியவர் தன்னைவிட அதிகம் பெற்று அருகில் நின்று கடமையாற்றுவதைக் காணும்போது, அந்த ஏற்பாட்டை வகுத்தவர் தன் இருபது ஆண்டுகளைப் பொருட்படுத்தவில்லை என்றுதான் உணர்வார். ஒரு விடுதி இயங்குவது ஒருவர்க்கொருவர் கடமையை மாற்றி உதவிக்கொள்ளும் நல்லெண்ணத்தால்; அந்த நல்லெண்ணத்தை முறிக்கும் எதுவும் பற்றாக்குறையைக் கூட்டவே செய்யும்.

பணத்தைப் பற்றிய பேச்சு மறைத்துவிடும் இன்னொன்று, திரும்ப விரும்புபவருக்கு வாசல் எங்கே இருக்கிறது என்பது. பதவி விலகியவரின் சேவைத் தொடர் முறிந்துவிடுகிறது. அறிவிக்காமல் வராது நின்றவர் தாபன விதிக்கோவையின்படி பதவியை வெறிதாக்கியவராகக் கருதப்படுகிறார். மீண்டும் நுழைய அவர் செய்யும் விண்ணப்பம் அதிகாரிகளின் தற்றுணிபில் தங்கியிருக்கிறது. நுழைந்தாலும் அவர் எங்கு அனுப்பப்படுவார் என்பது கொழும்பில் தீர்மானிக்கப்படுகிறது. உடுப்பிட்டியில் நோயுற்ற தாயை வைத்திருப்பவருக்கு வவுனியாவிலோ அனுராதபுரத்திலோ கிடைக்கும் நியமனத்தால் பயன் என்ன? அரை நாள் மட்டும் கடமையாற்றும் நிரந்தரப் பதவி அரச தாதியர் சேவையில் வழக்கத்தில் இல்லை. எட்டுப் பத்து ஆண்டுகள் விலகியிருந்தவருக்கு உள்ளூர ஓர் அச்சமும் உண்டு: மருந்துகள் மாறியிருக்கும், அளவு பிழைத்தால் ஓர் உயிர் போகும், தன்னிலும் இளையவர் முன் தடுமாற நேரும் என்ற அச்சம். அதைப் போக்குவதற்கு, மூத்த தாதி ஒருவரின் துணையோடு சில மாதங்கள் விடுதியில் நின்று பழகும் மீள்பயிற்சி வேண்டும். அந்த மாதங்களுக்கு உதவிப்பணம் கொடுப்பது நியாயமானதே. பயில்பவரின் வயிற்றுப்பாட்டுக்கு அது வேண்டும். பிரித்தானியாவும் 2001இல் திரும்பும் தாதிக்கு 1,000 பவுண் அறிவித்தபோது அதனை மீள்பயிற்சியோடும் பிள்ளை பராமரிப்புச் செலவோடும் இணைத்தே வழங்கியது.

உலக சுகாதார நிறுவனம் பின்தங்கிய இடங்களில் சுகாதார ஊழியரை நிறுத்துவது குறித்து 2010இலும் பின்னர் 2021இலும் வெளியிட்ட வழிகாட்டல்கள், பண ஊக்குவிப்பைத் தனித்து நிற்கும் மருந்தாகப் பரிந்துரைக்கவில்லை. கல்வி, ஒழுங்குவிதி, தொழில்சார் ஆதரவு ஆகியவற்றோடு சேர்ந்த ஒரு தொகுதியின் பகுதியாகவே அதை வைத்தன. அந்தத் தொகுதி வடமராட்சியில் எப்படியிருக்கலாம் என்பதற்கு ஒரு தொடக்கப் புள்ளி ஏற்கெனவே இருக்கிறது. ஆரம்பப் பராமரிப்பு நிலையங்களில் பகல் நேரத்தில் கடமையாற்றும் பொதுச் சுகாதாரத் தாதிய உத்தியோகத்தர் என்ற பதவி, அதாவது தொற்றா நோயுள்ளவர்களைத் தொடர்ந்து கவனித்து, தேவையானபோது வீட்டுக்கே சென்று பார்க்கும் தாதியின் பதவி, நாட்டில் அண்மைக் காலத்தில் அறிமுகமாகியிருக்கிறது. நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் பாரிசவாதமும் கொண்ட முதியோர் நிறைந்த இந்த ஊர்களுக்கு மிகத் தேவையானதும், இரவுக் கடமையால் விலகியவர் ஏற்கக் கூடியதும் இதுவே. இப்பதவிகளை வடமராட்சியில் பெருக்கி, விலகிய தாதியர் மீள்பயிற்சிக்குப் பின் தம் பிரதேசத்திலேயே இவற்றை ஏற்க விதி செய்தால், விடுதியில் நிற்பவரின் வீட்டில் படுத்திருக்கும் தாயைப் பார்க்கவும் ஒருவர் வருவார். அவரும் சேவையை விட வேண்டி வராது.

ஊர்ச் சங்கங்கள் திரட்டும் பணத்துக்கும் இங்கு இடம் உண்டு. அரச தாதிக்குச் சம்பளம் கொடுக்கும் உரிமை அச்சங்கங்களுக்கு இல்லை. தனிப்பட்டவர்களுக்குத் தொகை கொடுக்கத் தொடங்கினால் ஊர் இரண்டுபடும். ஆனால் மந்திகை வைத்தியசாலைக்கு அருகில் காலை ஆறரை மணி முதல் இரவு எட்டு மணி வரை திறந்திருக்கும் ஒரு பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தையும், மாலைக் கடமை முடிந்து ஏழரை மணிக்கு வெளியே வருபவர்களை நெல்லியடி, உடுப்பிட்டி, வல்வெட்டித்துறை வழியாக வீட்டு வாசலில் இறக்கிவிடும் ஒரு வாகனத்தையும் நடத்துவதற்கு எந்த அமைச்சின் சுற்றறிக்கையும் வரும்வரை அவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை.